மறைந்த ஸ்னாப்ஷாட்டுகளும் சேமிப்பிட மீட்பும்: ஒரு திறனாய்வு

மெய்நிகர் கணினியின் ஸ்னாப்ஷாட் என்பது, ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் நிலையை ஒரு குறிப்பிட்ட கணத்தில் பிடித்துவைத்து, வேண்டும்போது அந்த நிலைக்கே திரும்ப வழிசெய்யும் ஏற்பாடு. விஎம்வேர், ஹைப்பர்-வி, கேவிஎம், ஜென்சர்வர் என ஏறக்குறைய எல்லா ஹைப்பர்வைசர்களிலும் இது உண்டு. மென்பொருளை மேம்படுத்துவதற்கு முன் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவைப்பது சர்வர் நிர்வாகிகளின் அன்றாட வழக்கம். அதற்குச் சில நொடிகள் போதும். எடுத்ததை நீக்க மறப்பதும், நீக்கிவிட்டதாக நினைத்தது நீங்காமல் கிடப்பதும்தான் சிக்கல். கண்ணில் படாமல் வளரும் கோப்புகள், மெய்நிகர் வட்டுகள் இருக்கும் சேமிப்பிடமான டேட்டாஸ்டோரை நிரப்பி, சர்வர்களையே நிறுத்திவிடும். இப்படி இழந்த இடத்தை மீட்கப் பல முறைகள் உள்ளன. அவற்றின் வலிமையையும் குறையையும் எடைபோட, ஸ்னாப்ஷாட் இயங்கும் விதத்தை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

டெல்டா கோப்பு வளரும் விதம்

ஸ்னாப்ஷாட் எடுக்கும்போது வட்டின் நகல் எதுவும் உருவாவதில்லை. மூல வட்டுக் கோப்பில் எழுதுவது அத்துடன் நிறுத்தப்பட்டு, அதன்மேல் காலியான டெல்டா கோப்பு ஒன்று திறக்கப்படுகிறது. அதன்பின் கணினி எழுதுவது எல்லாம் அந்த டெல்டாவுக்குள் போகிறது. முடித்த பேரேட்டைத் தொடாமல், பிறகு வரும் திருத்தங்களைத் தனித் தாளில் குறித்துவரும் கணக்குப்பிள்ளையின் முறை இது. ஒரு தரவைப் படிக்க வேண்டுமானால் முதலில் டெல்டாவில் தேட வேண்டும். அங்கே இல்லையென்றால் மூல வட்டுக்குப் போக வேண்டும். இரண்டாவது ஸ்னாப்ஷாட் எடுத்தால் முதல் டெல்டாவும் எழுதப்படாத கோப்பாகி, அதன்மேல் இன்னொரு டெல்டா வரும். இப்படி ஒரு சங்கிலி உருவாகிறது.

விஎம்வேர் இஎஸ்எக்ஸ்ஐ சர்வரில் இந்தச் சங்கிலியைக் கோப்புப் பெயர்களிலேயே பார்க்கலாம். மூலத் தரவு ‘ஃபிளாட்’ என்ற சொல் சேர்ந்த கோப்பில் இருக்கும். முதல் ஸ்னாப்ஷாட்டுக்குப் பின் வட்டின் பெயரோடு 000001 என்ற ஆறிலக்க எண் சேர்ந்த கோப்பு தோன்றும், அடுத்ததற்கு 000002. விஎம்எஃப்எஸ் 5 கோப்பமைப்பில் சிறிய வட்டுகளின் தரவுக் கோப்பு ‘டெல்டா’ என்றும், விஎம்எஃப்எஸ் 6 கோப்பமைப்பில் ‘எஸ்இஸ்பார்ஸ்’ என்றும் பெயர் பெறும். எந்த ஸ்னாப்ஷாட் எதற்குப் பிள்ளை என்ற பட்டியல், விஎம்எஸ்டி என்ற சிறிய உரைக் கோப்பில் தனியாக எழுதப்படுகிறது. நினைவகத்தையும் சேர்த்து ஸ்னாப்ஷாட் எடுத்தால், ரேம் எவ்வளவோ அவ்வளவு பெரிய கோப்பு ஒன்று கூடுதலாக வந்துசேரும். 64 ஜிபி ரேம் கொண்ட சர்வரில் இது ஒன்றே 64 ஜிபியை எடுத்துக்கொள்ளும்.

ஒவ்வொரு டெல்டாவும் மூல வட்டின் முழு அளவுவரை வளரக்கூடியது. 500 ஜிபி வட்டில் மூன்று ஸ்னாப்ஷாட்டுகள் எடுத்து மறந்துவிட்டால், எழுத்து மிகுந்த தரவுத்தள சர்வரில் அந்த 500 ஜிபி கோட்பாட்டளவில் 2 டிபி வரை போகலாம். சர்வருக்குள் நுழைந்து பார்ப்பவருக்கோ அப்போதும் 500 ஜிபி வட்டு மட்டுமே தெரியும். விஎம்வேர் ஒரு சங்கிலியில் 32 ஸ்னாப்ஷாட்டுகள் வரை அனுமதிக்கிறது. ஆனால் இரண்டு அல்லது மூன்றுக்கு மேல் வேண்டாம் என்றும், ஒன்றை 72 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம் என்றும் அறிவுறுத்துகிறது. எல்லைக்கும் அறிவுரைக்கும் இடையே உள்ள இந்த அகலமான வெளியில்தான் பெரும்பாலான விபத்துகள் நடக்கின்றன.

ஸ்னாப்ஷாட்டின் பயன்

இத்தனை இடர் இருந்தும் இந்த வழக்கம் நிலைப்பதற்குத் தக்க காரணம் உண்டு. ஒரு பேட்ச் போட்டபின் சர்வர் எழாமல் போனால், பேக்கப்பிலிருந்து மீட்கப் பல மணி நேரம் ஆகலாம். ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பச் சில நிமிடம் போதும். பேக்கப் மென்பொருள்களும் இதையே நம்பியுள்ளன. ஓடும் வட்டின் மேல் ஒரு டெல்டாவைத் திறந்தால், கீழே அசையாமல் நிற்கும் மூல வட்டை நிதானமாக நகலெடுக்கலாம். 2009இல் விஎம்வேரின் விஸ்பியர் 4 உடன் வந்த பேக்கப் இடைமுகம் இந்த அடிப்படையில் அமைந்ததுதான்.

ஸ்னாப்ஷாட் பேக்கப் ஆகாது என்பதும் இதிலிருந்தே விளங்கும். டெல்டாவில் மாற்றங்கள் மட்டுமே உள்ளன. மூல வட்டு போனால் டெல்டாவும் பயனற்றது. பழைய நிலைக்குத் திருப்புவது எல்லாச் சர்வர்களுக்கும் பாதுகாப்பானதும் அல்ல. ஆக்டிவ் டைரக்டரி போன்று பல சர்வர்களுக்கிடையே தரவை ஒத்திசைக்கும் அமைப்பில் ஒன்றை மட்டும் பின்னுக்கு இழுத்தால் கணக்கு குலைந்துவிடும். இதைத் தடுக்கவே விண்டோஸ் சர்வர் 2012 முதல் ஹைப்பர்வைசர் வழியே ஒரு தலைமுறை அடையாளம் தரப்பட்டது. ஆக, ஸ்னாப்ஷாட் குறுகிய காலத்துக்கான கருவி. அதை நெடுங்காலக் காப்பாகக் கருதுவதுதான் இட இழப்பின் முதல் காரணம்.

மறையும் வழிகள்

மறந்துபோன ஸ்னாப்ஷாட் வேறு, மறைந்துபோன ஸ்னாப்ஷாட் வேறு. முன்னது பட்டியலில் இருக்கும். யாராவது திறந்து பார்த்தால் தெரியும். பின்னது பட்டியலில் இராது; வட்டில் மட்டும் இருக்கும். நிர்வாகி ஸ்னாப்ஷாட் மேனேஜரைத் திறந்து, ஒன்றுமில்லை என்று கண்டு நிம்மதியாக மூடிவிடுவார்; பின்னணியில் டெல்டா வளர்ந்துகொண்டே இருக்கும்.

விஎம்வேரில் இது நேர்வதற்குப் பொதுவான காரணம், நீக்கும் பணி பாதியில் தோற்பது. ‘நீக்கு’ என்ற கட்டளை வந்ததும் பட்டியலிலிருந்து பெயர் எடுக்கப்படுகிறது. தரவை மூல வட்டோடு சேர்க்கும் வேலை, அதாவது ஒருங்கிணைப்பு, அதற்குப் பின் நடக்கிறது. இடப் பற்றாக்குறையாலோ கோப்புப் பூட்டாலோ இரண்டாவது வேலை நின்றுவிட்டால், பெயரில்லாத டெல்டா மிஞ்சும். பூட்டுக்குப் பெரும்பாலும் பேக்கப் மென்பொருளே காரணம். சில பேக்கப் முறைகளில், நகலெடுக்க வேண்டிய வட்டு பேக்கப் சர்வரோடு தற்காலிகமாக இணைக்கப்படுகிறது. பேக்கப் இடையில் முறிந்தால் அந்த வட்டு கழற்றப்படாமல் அங்கேயே தொங்கும். அது தொங்கும்வரை ஒருங்கிணைப்பு நடக்காது. மறுநாள் பேக்கப் மீண்டும் ஓடும். இன்னொரு டெல்டா சேரும். விஎம்எஸ்டி கோப்பு சிதைந்தாலோ தொலைந்தாலோ இதே நிலைதான்: சங்கிலி இருக்கும், பட்டியல் வெறுமையாக இருக்கும்.

ஹைப்பர்-வியின் தொடக்கப் பதிப்புகளில் இந்த மறைவு வடிவமைப்பிலேயே இருந்தது. விண்டோஸ் சர்வர் 2008, 2008 ஆர்2 இரண்டிலும், நீக்கிய ஸ்னாப்ஷாட் உடனே பட்டியலிலிருந்து மறையும். ஆனால் கோப்பை மூலத்தோடு இணைக்கும் வேலை, கணினி முற்றிலும் அணைக்கப்பட்டால்தான் தொடங்கும். உள்ளிருந்து ரீஸ்டார்ட் செய்வது போதாது. அணைக்கவே வாய்ப்பில்லாத முக்கிய சர்வர்களில் நீக்கப்பட்ட ஸ்னாப்ஷாட் மாதக்கணக்கில் வளர்ந்தது. 2012 பதிப்பில்தான், ஓடும் கணினியிலேயே இணைக்கும் வசதி வந்தது. பேக்கப் உருவாக்கிய மீட்பு செக்பாயிண்ட் (ஸ்னாப்ஷாட்டுக்கு ஹைப்பர்-வி தரும் பெயர்) மிஞ்சிப்போனால், ஹைப்பர்-வி மேலாளர் திரையில் அதற்கு ‘நீக்கு’ என்ற தெரிவே இல்லாமல் இருப்பதும் உண்டு. பவர்ஷெல் வழியாகத்தான் அகற்ற முடியும்.

கேவிஎம் உலகில் மறைவு வேறு வகை. அங்கே பயன்படும் கியூகவ்2 வடிவ வட்டுக் கோப்பு ஸ்னாப்ஷாட்டுகளைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ள வல்லது. வெளியே ஒரே கோப்புதான் தெரியும். அதன் அளவு மட்டும் காரணம் புலப்படாமல் பெருத்திருக்கும்.

கண்டறிதல்: பட்டியலா, வட்டா?

ஸ்னாப்ஷாட்டுகளைக் கண்டறிய வழக்கமாகப் பயன்படுவது அறிக்கை. விஎம்வேரின் பவர்சிஎல்ஐ கட்டளை ஒன்றினால், மூன்று நாளைக்கு மேற்பட்ட எல்லா ஸ்னாப்ஷாட்டுகளையும் நொடியில் எடுத்துவிடலாம். நூற்றுக்கணக்கான சர்வர்களை ஒரே பார்வையில் அலசுவது இதன் வலிமை. ஆனால் இது படிப்பது பட்டியலையே. பட்டியலில் இல்லாதது அறிக்கையிலும் வராது. மறந்தவற்றைக் காட்டும்; மறைந்தவற்றைக் காட்டாது.

ஆகவே இரண்டாவது ஒரு சோதனை தேவை: வட்டில் உள்ள கோப்புகளை நேரடியாகத் தேடுவது. ஒவ்வொரு டேட்டாஸ்டோரிலும் ஆறிலக்க எண் தாங்கிய வட்டுக் கோப்புகளைப் பட்டியலிட்டு, ஸ்னாப்ஷாட் மேனேஜர் சொல்வதோடு ஒப்பிட வேண்டும். கணினியின் அமைப்புப் பக்கத்தில் வட்டுக் கோப்பின் பெயரைப் பார்ப்பதே எளிய வழி. பட்டியல் வெறுமையாக இருந்தும் வட்டின் பெயரில் 000003 என்று இருந்தால், அந்தக் கணினி டெல்டாவின் மேல்தான் ஓடுகிறது. 2011இல் வந்த விஸ்பியர் 5.0 முதல், ‘ஒருங்கிணைப்பு தேவை’ என்ற எச்சரிக்கை இந்த நிலையைச் சுட்டுகிறது. ஆர்விடூல்ஸ் போன்ற கருவிகள், எந்தக் கணினியோடும் சேராத அநாதை வட்டுக் கோப்புகளையும் சந்தேகப் பட்டியலில் காட்டுகின்றன.

இங்கே எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. டெல்டா போலத் தோன்றுவது எல்லாம் குப்பை அல்ல. மெய்நிகர் டெஸ்க்டாப் அமைப்புகளில் ஒரே மூல வட்டின் மேல் பல இணைநகல்கள் ஓடுகின்றன. அவற்றின் டெல்டாக்கள் ஒவ்வொன்றும் ஒரு பயனரின் கணினி. கேவிஎம்மிலும் ஒரே அடித்தளக் கோப்பைப் பல கணினிகள் பகிர்ந்துகொள்வது வழக்கம். அவற்றில் ஒன்றின் மாற்றங்களை அடித்தளத்தோடு சேர்த்துவிட்டால் மற்ற அனைத்தும் சிதையும். சங்கிலி யாருடையது என்று உறுதிசெய்யாமல் இடம் மீட்கப் போவது, தேடும் வேலையின் பயனையே கெடுத்துவிடும்.

மீட்கும் முறைகள்

முதன்மையான முறை, ‘டெலிட் ஆல்’ அல்லது ‘கன்சாலிடேட்’ கட்டளை. டெல்டாக்களில் உள்ள மாற்றங்களை மூல வட்டில் எழுதிவிட்டு, டெல்டாக்களை நீக்குவது இதன் வேலை. சங்கிலியின் ஒழுங்கை ஹைப்பர்வைசரே கவனித்துக்கொள்வதும், கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே நடப்பதும் இதன் சிறப்புகள். பட்டியல் வெறுமையாக இருந்து, கன்சாலிடேட்டும் உதவாத நிலையில், புதிதாக ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து உடனே ‘டெலிட் ஆல்’ கொடுப்பது அனுபவசாலிகளின் கைமுறை. புதிய ஸ்னாப்ஷாட்டை நீக்கும்போது சங்கிலியில் உள்ள பெயரில்லாத டெல்டாக்களும் சேர்ந்து மூலத்தோடு கலந்துவிடும்.

இம்முறையின் குறைகள் மூன்று. ஒன்று, காலம். பல நூறு ஜிபி டெல்டாவை ஒருங்கிணைக்கப் பல மணி நேரம் ஆகும். முன்னேற்றப் பட்டை 99 சதவீதத்தில் வெகுநேரம் நிற்பது வழக்கம். விஎம்வேரின் மேலாண்மை மென்பொருளான விசென்டரின் பழைய பதிப்புகளில் 15 நிமிடம் கடந்ததும் ‘காலாவதி’ என்ற பிழை திரையில் தோன்றும். சர்வரிலோ வேலை தொடர்ந்து நடந்துகொண்டிருக்கும். அதைத் தோல்வி என்று எண்ணிச் சேவைகளை மறுதொடக்கம் செய்தவர்கள் நல்ல சங்கிலியைக் கெடுத்துக்கொண்டார்கள். கோப்புகளின் கடைசி மாற்ற நேரத்தைச் சில நிமிட இடைவெளியில் இருமுறை பார்த்தால், வேலை நடக்கிறதா நின்றதா என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது, செயல்திறன். ஒருங்கிணைப்பின்போது படிப்பும் எழுத்தும் பெருகி ஸ்டோரேஜ் திணறும். முடிவில் கணினி ஒரு கணம் உறைந்து விடுபடும். எழுத்து மிகுந்த சர்வரில் அந்த உறைவு நீண்டு, கிளஸ்டர் இணைப்புகள் அறுந்த நிகழ்வுகள் உண்டு. 2015இல் வந்த விஸ்பியர் 6.0, புதிய எழுத்துகளை இரு பக்கமும் ஒரே நேரத்தில் அனுப்பும் முறையைக் கொண்டுவந்து இந்த உறைவைப் பெரிதும் குறைத்தது.

மூன்றாவது, இடம். இடத்தை மீட்கும் வேலைக்கே இடம் வேண்டும் என்பது இதன் பெரிய முரண். மூல வட்டு ‘தின்’ வகையானால், டெல்டாவின் தரவு உள்ளே வரவர அது வளரும். டெல்டாவோ வேலை முடியும்வரை நீங்காது. ஆகவே பயன்பாட்டு அளவு முதலில் ஏறி, பிறகுதான் இறங்கும். விஸ்பியர் 4.0 இரண்டாம் அப்டேட்டுக்கு முன்பு நிலைமை இன்னும் மோசம். அப்போது கடைசி டெல்டா அதற்கு முந்தையதில், அது அதற்கும் முந்தையதில் என்று படிப்படியாகச் சேர்க்கப்பட்டதால், நீண்ட சங்கிலியில் இடைக்கோப்புகள் ஊதிப்பெருத்தன. பின்னர் மூலத்துக்கு அருகில் உள்ளதிலிருந்து நேரடியாகச் சேர்க்கும்படி மாற்றப்பட்டது.

இரண்டாவது முறை, குளோன் எடுப்பது. சங்கிலியின் உச்சியிலிருந்து நகலெடுத்தால், எல்லாம் ஒன்றாகிய புதிய வட்டு வேறு டேட்டாஸ்டோரில் கிடைக்கும். மூலச் சங்கிலியைத் தொடாததால், பாதுகாப்பில் இதற்கு இணை இல்லை. ஒருங்கிணைப்பு திரும்பத் திரும்பத் தோற்கும் இடத்தில் இதுவே தக்க வழி. ஆனால் வேறிடத்தில் முழு வட்டுக்கான இடம் வேண்டும். நகலெடுப்பு தொடங்கியபின் நடக்கும் மாற்றங்கள் புதிய வட்டில் இரா என்பதால், நடைமுறையில் சர்வரை அணைத்துவிட்டுச் செய்ய வேண்டியிருக்கும். கியூகவ்2 கோப்பிலும் இதே கதைதான். உள் ஸ்னாப்ஷாட்டை நீக்கினால் அந்த இடம் கோப்புக்குள்ளேயே மறுபயன்பாட்டுக்குப் போகும். கோப்பு பெரும்பாலும் சுருங்காது. புதிய கோப்பாக மாற்றி எழுதினால்தான் ஹோஸ்டுக்கு இடம் திரும்பும்.

மூன்றாவது முறை, பூட்டை விடுவிப்பது. பேக்கப் சர்வரில் தொங்கும் வட்டைக் கழற்றினாலே ஒருங்கிணைப்பு இயல்பாக நடந்துவிடும். எளிமையான இந்த வேலையில் கண்ணி ஒன்று உண்டு. கழற்றும் திரையில் ‘கோப்புகளை டேட்டாஸ்டோரிலிருந்து அழி’ என்ற கட்டம் இருக்கும். அதைத் தேர்ந்துவிட்டால், உற்பத்தி சர்வரின் வட்டையே அழிக்கச் சொன்னதாகும்.

கையால் அழித்தல்

டேட்டாஸ்டோரைத் திறந்து, பெரிதாகத் தெரியும் டெல்டா கோப்பைக் கையால் அழித்து இடத்தை மீட்பது முறை ஆகாது. தரவு இழப்புக்கான நேர்வழி அது. சங்கிலியின் நடுவில் ஒரு கண்ணி போனால் அதற்குப் பின் எழுதிய எதையும் படிக்க முடியாது. மூல வட்டு மிஞ்சும்தான். ஆனால் அது ஸ்னாப்ஷாட் எடுத்த நாளின் நிலையில் நிற்கும். ஆறு மாதத்துக்கு முந்தைய ஸ்னாப்ஷாட் என்றால் ஆறு மாத வேலை போயிற்று.

சங்கிலியின் பிணைப்பு ஒவ்வொரு வட்டின் விவரக் கோப்பிலும் எழுதப்பட்டுள்ளது. தன் அடையாள எண், பெற்றோரின் அடையாள எண், பெற்றோர் கோப்பின் பெயர் ஆகிய மூன்றும் அதில் உண்டு. டெல்டாவை விட்டுவிட்டு மூல வட்டை மட்டும் இணைத்து ஒருமுறை இயக்கினாலே மூலத்தின் அடையாள எண் மாறும். அதன்பின் டெல்டாவோடு திறக்கப் பார்த்தால், ‘பிள்ளை உருவானபின் பெற்றோர் வட்டு மாறிவிட்டது’ என்ற பிழை வரும். அடையாள எண்ணைக் கையால் திருத்திச் சங்கிலியை ஒட்டவைக்க முடியும். ஆனால் இடையில் எழுதப்பட்டவற்றால் கோப்பமைப்பு சிதைந்திருக்கக்கூடும். அழிக்க நினைக்கும் அநாதைக் கோப்பையும், எந்தக் கணினியும் அதைக் குறிக்கவில்லை என்று விவரக் கோப்புகள் வழியே உறுதிசெய்து, முதலில் பெயர் மாற்றி வைத்திருந்து, பேக்கப் சுற்று ஒன்று கடந்தபின் அழிப்பதே தகும்.

இடம் முற்றும் தீர்ந்தபோது

டேட்டாஸ்டோர் முழுதும் நிரம்பினால், வளர இடமில்லாத டெல்டா கொண்ட கணினிகள் நின்றுவிடும். விஎம்வேர் மீண்டும் முயலவா, நிறுத்தவா என்று கேட்கும். ஹைப்பர்-வி அவற்றை நெருக்கடி இடைநிறுத்தத்தில் வைக்கும். இந்த நேரத்தில் பெரிய சங்கிலியை ஒருங்கிணைக்கப் போவது நெருக்கடியை வளர்க்கும்.

முதலில் கொஞ்சம் இடம் உண்டாக்க வேண்டும். ஐஎஸ்ஓ கோப்புகள், அணைந்து கிடக்கும் கணினிகள் ஆகியவற்றை வேறிடத்துக்கு நகர்த்தலாம். அவசியமில்லாத ஒரு கணினியை அணைத்தால் அதன் ஸ்வாப் கோப்பு நீங்கும். ரேம் அளவிலிருந்து ஒதுக்கீட்டு அளவைக் கழித்தால் வருவதே அந்தக் கோப்பின் அளவு என்பதால், 32 ஜிபி ரேம் கொண்ட, ஒதுக்கீடு ஏதும் இல்லாத கணினி 32 ஜிபியை உடனே விடுவிக்கும். அதன்பின் ‘திக்’ வகை மூல வட்டு கொண்ட கணினியில் தொடங்குவது நல்லது. முன்பே முழுதும் ஒதுக்கப்பட்ட வட்டு என்பதால் ஒருங்கிணைப்பின்போது அது வளராது. சிறியவற்றை முடித்துப் பெரியவற்றுக்குப் போக வேண்டும்.

ஒருங்கிணைப்பு முடிந்தபின்னும் ஒரு படி மிச்சம். டேட்டாஸ்டோரில் இடம் திரும்பியதாகத் தெரிந்தாலும், கீழே உள்ள ஸ்டோரேஜ் கருவிக்கு அந்தச் செய்தி போயிருக்க வேண்டியதில்லை. விடுபட்ட இடத்தைத் தெரிவிக்கும் அன்மேப் கட்டளை, விஸ்பியர் 6.5 உடன் வந்த விஎம்எஃப்எஸ் 6 கோப்பமைப்பில் தானாக, மெதுவாக ஓடும். விஎம்எஃப்எஸ் 5 கோப்பமைப்பில் நிர்வாகி கையால் ஓட்ட வேண்டும். இதை மறந்தால் மேலே மீட்ட இடம் கீழே இழந்ததாகவே நீடிக்கும்.

தடுப்பும் புதிய வடிவமைப்புகளும்

மீட்கும் முறைகள் ஒவ்வொன்றும், சிக்கல் சிறிதாக இருக்கும்போது எளிதாகவும், முற்றியபின் ஆபத்தாகவும் இருக்கின்றன. ஆகவே தடுப்புக்கே எடை அதிகம். ஸ்னாப்ஷாட் எடுக்கும்போதே எடுத்தவர் பெயரையும், காரணத்தையும், நீக்க வேண்டிய தேதியையும் விவரத்தில் எழுதுவது; ஸ்னாப்ஷாட் அளவுக்கு விசென்டரில் எச்சரிக்கை அமைப்பது; பேக்கப் முடிந்ததும் ஒருங்கிணைப்பு நிலையைத் தானாகச் சோதிப்பது; வாரம் ஒருமுறை பட்டியலையும் வட்டையும் ஒப்பிடுவது ஆகிய நான்கும் செலவில்லாத ஏற்பாடுகள். தேதி கடந்ததைத் தானாக நீக்கும் ஸ்கிரிப்ட் இன்னும் வசதியானது. ஆனால் அது பேக்கப் ஓடும் வேளையிலோ, அலுவல் உச்ச நேரத்திலோ நீக்கத் தொடங்கினால் புதிய சிக்கலை உண்டாக்கும். நேர வரம்பு வைத்தே அதை ஓட்ட வேண்டும்.

2022இல் வந்த, விஎம்வேரின் சேமிப்பக மென்பொருளான விசான் 8 பதிப்பின் புதிய கட்டமைப்பு, ஸ்டோரேஜ் கருவிகளே எடுக்கும் ஸ்னாப்ஷாட்டுகள் போன்றவை டெல்டாச் சங்கிலியையே தவிர்க்கின்றன. எந்தத் தொகுதி எந்த ஸ்னாப்ஷாட்டுக்கு உரியது என்பதை மரவடிவக் குறிப்பில் வைப்பதால், நீக்கும்போது தரவை இடம்பெயர்க்க வேண்டியதில்லை. காலமும் உறைவும் ஏறக்குறைய தீர்ந்துவிடுகின்றன. ஆனால் பழைய தரவு பிடித்துவைத்திருக்கும் இடம் அப்படியேதான் இருக்கிறது. எடுப்பதும் வைத்திருப்பதும் நோகாத வேலையாகும்போது எண்ணிக்கை கூடும். மறதியின் விலை தாமதமாகத் தெரியவரும்.

ஆக, இட மீட்புக்கான கருவிகள் கடந்த பதினைந்து ஆண்டுகளில் வெகுவாகத் தேறியுள்ளன. ஒழுங்காகப் பயன்படுத்தினால் ஒருங்கிணைப்பு நம்பத்தக்க முறையே. அதன் குறைகளில் பெரும்பாலானவை, டேட்டாஸ்டோர் நிரம்பியபின் அவசரத்தில் அதை நாடுவதால் வருபவை. பட்டியலை மட்டும் நம்பும் கண்காணிப்பு மறைந்தவற்றைத் தவறவிடும். வட்டை மட்டும் பார்த்து அழிப்பது தேவையானவற்றைக் கொன்றுவிடும். இரண்டையும் ஒப்பிட்டு, சங்கிலியின் உரிமையை உறுதிசெய்து, போதிய இடமும் நேரமும் இருக்கும்போது ஒருங்கிணைப்பதே இந்த நடைமுறையின் வலிமையைத் தக்கவைத்துக் குறையைத் தவிர்க்கும் வழி.